ஐந்தருவிப் பாதையில் தலை எண்ணிய இருபது நாட்கள்

எழுபதுகளின் கடைசியில் ஒரு சாரல் காலம். எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு லாரி கிளீனர், செங்கல் சூளை, ஓட்டலில் இலை எடுப்பது என்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். கொல்லம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த வேலையும் நின்றுபோகவே, ரயிலேறித் தென்காசியில் இறங்கினேன். சீசன் சமயத்தில் குற்றாலத்தில் யாருக்காவது ஆள் தேவைப்படும்.

கிடைத்த வேலை விநோதமானது. தென்காசியில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை நடத்திய ஒரு அண்ணாச்சி, ஐந்தருவிப் பாதையில் இடம் வாங்கிப் பெரிய ஓட்டல் கட்ட ஆசைப்பட்டார். அதற்காக, கீழப்பாவூரில் அவர் மனைவிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த வயலை விற்பதாக ஏற்பாடு. ஆனால் அங்கே எவ்வளவு கூட்டம் வரும் என்று தெரியாமல் இறங்க அவருக்குப் பயம்.

"ஏலே, ஒழுங்கா எண்ணத் தெரியுமா? வெளிச்சம் வந்ததுலேருந்து பொழுது சாயுத மட்டும் அங்கன உக்காந்து, அருவிக்குப் போற தலைய எண்ணி எழுது. இருவது நாளு. சோறு நம்ம கடையில, கூலி கடைசியில" என்றார்.

ஒரு பழக்கடையின் ஓரமாகச் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு கோடு; நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது கோடு. இரண்டு நாளில் அலுத்துவிட்டது. அலுப்புப் போக நானாகவே ஆண், பெண், பிள்ளைகள் என்று பிரித்து எழுதினேன். எந்த மணிக்குக் கூட்டம் ஏறுகிறது, மழை வலுத்தால் எவ்வளவு குறைகிறது என்று தனியாகக் குறித்தேன். இருபதாம் நாள் நோட்டைக் கொடுத்தபோது அண்ணாச்சி பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"நீ எட்டாப்பு படிச்சவனாலே? ஓட்டல் எந்திரிக்கட்டும், கல்லாவுல நீதான். மேல ஒரு ரூமு, உனக்கே உனக்கு."

ரூம் என்றதும் என் மனசு அங்கேயே நின்றுவிட்டது. அதுவரை யாராவது விலாசம் கேட்டால் சொல்ல என்னிடம் எதுவும் இருந்ததில்லை.

அதே வாரம் இன்னொரு வேலையும் வந்தது. ஆற்றில் ஓடும் தண்ணீரை அளக்க ஒரு குழு வந்து தங்கியிருந்தது. அதன் தலைவரான சர்வேயர், நான் எண்ணுவதைப் பழக்கடைக்கு எதிரே இருந்த டீக்கடையிலிருந்து பல நாள் பார்த்திருக்கிறார். கடையத்துப் பக்கம் ஆற்றோரம் கூடாரம் போடுவார்களாம். மணிக்கு ஒரு தடவை தண்ணீர் மட்டத்தைப் பார்த்து எழுதவேண்டும். அது முடிந்தால் வேறு ஆறு. "வியாழக்கிழமை காலையில் தென்காசியிலிருந்து ஜீப் கிளம்பும். வருவதானால் வா" என்றார்.

காலுக்கு அந்த வேலை பிடித்தது. முதுகுக்கு அண்ணாச்சியின் ரூம் பிடித்தது. முடிவு செய்ய முடியாமல் புதன்கிழமை பழக்கடைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். கடைக்கார அக்கா ஒரு மங்குஸ்தானை உடைத்துக் கொடுத்துவிட்டு, பாதையில் போன சிவப்புத் துண்டுக்காரரைக் காட்டிச் சிரித்தார்.

"இவுகள எத்தன ஆளா எழுதிருப்ப? காலைலேருந்து இது நாலாவது முங்கு."

"நாலா?"

"எண்ணெய் தேச்சு ஒண்ணு, சாப்பிடுததுக்கு முந்தி ஒண்ணு, சாப்பிட்டு ஒண்ணு, ஊருக்குப் போற முன்னால ஒண்ணு. குத்தாலத்துக்கு வந்தவுக ஒரு தடவ குளிச்சிட்டா போவாக? இருவது நாளு இங்கனயே கெடந்தியே, இது தெரியலயா மூதி?"

தெரியவில்லை. நான் தலையைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. நாலு தடவை குளிக்கிறவர் சாப்பிடுவது ஒரு தடவைதான். என் நோட்டை நம்பி ஓட்டல் கட்டினால் பாதி நாற்காலி காலியாகத்தான் கிடக்கும்.

உடனே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். நான் போகவில்லை. எந்த வேலைக்குப் போவது என்ற குழப்பம் மட்டும் தீர்ந்தது. ஜீப்பில் ஏறிவிட்டால் அண்ணாச்சியின் முகத்தில் விழிக்கவேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை ஜீப்பில் என் பையை வைத்தேன். சர்வேயர், "அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா. மேலதிகாரியிடம் காட்டினால்தான் உன்னைச் சேர்க்க முடியும். அரை மணி நேரம்தான்" என்றார். நோட்டு அண்ணாச்சி வீட்டில் இருந்தது.

ஓடினேன். அங்கே அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் கிளம்பி நின்றார். பத்திர ஆபீசுக்குப் புறப்பாடு. அவர் மனைவி வயல் பத்திரத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நோட்டைக் கேட்டதும் அண்ணாச்சி சிரித்தார். "அதத் தருவனாலே? அத வச்சுத்தான இந்தக் காரியமே நடக்குது."

அவர் மனைவி பையை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "தம்பி, நீ எண்ணுனதுல ஒண்ணும் தப்பு இல்லல்லா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. சிவப்புத் துண்டுக்காரர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நோட்டை என் மேல் வீசினார். "செத்த மூதி! இருவது நாளு சோறு போட்டனே! இத எப்பம்லே கண்டுபிடிச்ச?"

"நேத்து."

"நேத்து தெரிஞ்சத இன்னைக்குச் சொல்லுதியா?" என்று அடிக்கக் கை ஓங்கினார்.

அவர் மனைவி குறுக்கே வந்து, "அப்பம் நெசமா எத்தன பேரு வருதாவ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்பம் தெரிஞ்ச பொறகு விப்போம்" என்று சொல்லிவிட்டுப் பத்திரத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

நான் திரும்பி வந்தபோது ஜீப் போய்விட்டது. என் பை அங்கிருந்த ஒரு டீக்கடை பெஞ்சில் இருந்தது.

சீசன் முடியப் பத்து நாள் இருந்தது. யாரும் சொல்லாமலே மறுபடி போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை காய்ந்த தலைக்கு மட்டும் கோடு. ஈரத் தலை என்றால் இங்கே ஏற்கெனவே குளித்தவர். எண்ணெய்த் தலைதான் குழப்பும்; மினுங்குவது எண்ணெயா தண்ணீரா என்று தெரியாது. அதற்குப் பழக்கடை அக்காதான் தீர்ப்புச் சொல்வார். முதல் கணக்கில் பாதி கூட வரவில்லை.

அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி இடம் வாங்கவில்லை. வயல் தப்பியது. அடுத்த சீசனுக்கு ஒரு பஜ்ஜிக் கடை மட்டும் போட்டாராம். பஜ்ஜிக் கடைக்குக் கல்லாவும் மாடி ரூமும் எதற்கு? சீசன் முடிந்த அன்று, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். "இனிமே இந்தப் பக்கம் வராத" என்றும் சொன்னார். அன்றே மதுரை பஸ்ஸில் ஏறினேன். அதற்குப் பிறகும் பல வருஷம் விலாசம் இல்லாமல்தான் சுற்றினேன்.

இதைக் கேட்கிறவர்கள், இரண்டு வேலையையும் விட்டு உண்மையைச் சொன்னாயே என்று பாராட்டுவார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். அந்த அம்மாள் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால், நோட்டை வாங்கிக்கொண்டு ஜீப்பைப் பிடிக்க ஓடியிருப்பேன் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.