பூட்டிய கக்கூசுக்கு இருபது புள்ளி

ஆடி மாதக் கடைசியில் பசறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கக்கூசு பார்க்கப் போய் வந்தேன். இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் போல ஆய்வுக்கும் கணக்கெடுப்புக்கும் தோட்டங்களுக்கு அனுப்பப்படும் இளம் பட்டதாரிகள் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழியும் செலவும் தெரிய வேண்டும். நான் செய்த மடத்தனமும் தெரிய வேண்டும்.

நான் வேலை பார்க்கும் சுகாதார நிறுவனம் ஒரு பரிசுத் திட்டம் நடத்துகிறது. தோட்டத்து மக்கள் கக்கூசைப் பாவிப்பதில்லை, அதனால் வயிற்றோட்டம் குறையவில்லை, சொல்லிப் பார்த்தாயிற்று, இனிக் காசு கொடுத்துப் பார்ப்போம் என்று கொழும்பில் யாரோ யோசித்திருக்கிறார்கள். ஒரு லயத்துக்கு, அதாவது ஒரே கூரையின் கீழ் உள்ள தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, ஒரு கக்கூசு. மூன்று மாதத்தில் எந்த லயத்தின் கக்கூசு அதிகப் புள்ளி வாங்குகிறதோ, அந்த லயத்தில் குடும்பத்துக்கு ஐம்பது ரூபாய். ஏறக்குறைய நாலு நாள் சம்பளம். புள்ளி போட ஒரு படிவம் உண்டு: தரை, சுவர், வாளி, மூடி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து. சனிக்கிழமை போய், ஞாயிறு காலை மூன்றாம் மாதப் புள்ளியைப் போட்டுவிட்டு வருவது என் வேலை.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு அட்டனில் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு ஏழு ரூபாய் இருபது சதம். பண்டாரவளையில் வடை வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஆறிய வடை. நாலரைக்குப் போகவேண்டிய ரயில் ஐந்து பத்துக்குப் பதுளை போய்ச் சேர்ந்தது. அன்றிரவு என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த ஒருத்தியின் வீட்டில் தங்கினேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பசறை பஸ். பதினொரு மைல், ஒரு ரூபாய் எழுபது சதம், ஒன்றேகால் மணி நேரம். முழுக்க வளைவுதான். வாந்தி வருகிறவர்கள் பின்னால் போகவேண்டும் என்று கொண்டக்டர் இரண்டு மொழியிலும் சொன்னார். அப்போது ஒருவரும் அசையவில்லை. பாதி வழியில் மூன்று பேர் எழுந்து பின்னால் ஓடினார்கள்.

பசறைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் கடையில் பால் இல்லாத பிளேன்டீ நாற்பது சதம். ஒரு கோப்பையோடு நிறுத்தியிருக்கலாம். குளிருக்கு இதமாக இருந்ததால் இரண்டாவதும் குடித்தேன். எந்தத் தோட்டம் என்று விசாரித்த கடைக்காரர் சிரித்தார்.

"அங்க கள்ளன் கூடிட்டானா மிஸ்? இந்த மாசம் மட்டும் ஆறு பூட்டு வித்திரிக்கேன். லயத்துல பூட்டி வைக்க அப்பிடி என்ன இரிக்கி?"

நான் சிரித்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். கேள்வி கேட்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள், அங்கே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

பசறையிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், நடைதான். ஏற்றம் என்பதால் ஐம்பது நிமிடம் எடுக்கும். மழையில்லாத மாதம். தேயிலை மங்கிக் கிடந்தது, வழியில் பார்த்த, குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் பீலிகளில் நூலாகத்தான் ஓடியது. தோட்டத்து மருத்துவிச்சி செல்வராணி அக்கா தன் வீட்டு வாசலில் காத்திருந்தார். அங்கேயே நான் அவரிடம் கக்கூசு எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். கூச்சத்தில் கேட்கவில்லை.

முதல் லயத்தில் பன்னிரண்டு வீடுகள். பின்புறம் கக்கூசு. சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பு, வாசலில் செவ்வந்திப்பூ, கதவில் என் கையளவு பூட்டு. இரண்டு பிளேன்டீயும் அப்போது என்னை நிற்க விடவில்லை. பகல் சாப்பாட்டுக்குத் தேயிலை மலையிலிருந்து இறங்கிய பெண்களில் சாவி வைத்திருப்பவர் யார் என்று விசாரித்தேன். கங்காணியின் மனைவி முத்தம்மாவைக் காட்டினார்கள். அவர் காதருகில் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நாளைக்கு நீங்கதானே மிஸ் புள்ளி போடப்போறீங்க? இன்னைக்கு நீங்களே போயிட்டு, நாளைக்கு அழுக்குன்னு எழுதிட்டா நாங்க என்ன பண்றது?"

முத்தம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மூன்று மாதமாக உள்ளே ஒரு ஆள் போனதில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பெண் என்னைத் தேயிலைக்குள் கூட்டிப்போய், முதுகைக் காட்டி நின்று காவல் காத்தார். நானும் மஸ்கெலியாவில் ஒரு லயத்தில் பிறந்தவள்தான். பட்டம் வாங்கிய பிறகு தேயிலைக்குள் ஒதுங்கும் இந்த ஒன்றாவது முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது மூன்றாவது வீட்டு வாசலில் செல்வராணி அக்கா ஒரு குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் வசந்தி, மூன்று வயது. ஒன்பது நாளாக இரத்தத்தோடு போகிறதாம். மற்றவர்கள் ஒதுங்கும் தேயிலை மலைக்குத் தூக்கிப்போக முடியாமல் அவள் தாய் பாக்கியம் வீட்டுக்குப் பின்னால் உள்ள கழிவுநீர்க் கானில்தான் உட்கார வைக்கிறார். அந்தக் கான் பீலியை ஒட்டி ஓடுகிறது. கீழ் வீடுகளில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குத் தொடங்கிவிட்டது.

"மூணு தடவ சாவி கேட்டேன் மிஸ்," என்றார் பாக்கியம். "இன்னும் கொஞ்ச நாளுதானே, பொறுத்துக்கங்கிறாங்க. புள்ள வயித்துக்கு அது தெரியுமா?"

முத்தம்மாவுக்குக் கோபம் வந்தது. "அம்பது ரூவா எனக்கு மட்டுமா? ஒனக்குந்தான். அத வாங்கிட்டு புள்ளைய பதுள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. இப்ப கையில என்ன வச்சிருக்க?"

வயிற்றோட்டத்தை நிறுத்தக் கொண்டுவந்த காசுக்காக வயிற்றோட்டக்காரக் குழந்தையை வெளியே வைத்திருக்கிறார்கள். அதில் அவர்கள் போட்ட கணக்கு முழுக்கச் சரி. மூடியைக்கூடக் கணக்கில் எடுத்த எங்கள் படிவத்தில், உள்ளே யாராவது போகிறார்களா என்ற கேள்வி இல்லை.

பத்துப் பேர் முன்னால் பேச எனக்கு நா எழாது. எப்படியோ சொன்னேன்: "சாவியக் குடுத்துருங்க. நாளைக்கு அழுக்கா இருந்தாலும் நான் முழுப் புள்ளி போடுறேன்."

"சத்தியமா?" என்றார் முத்தம்மா. "சத்தியமா," என்றேன். சாவி அவர் முந்தானை முடிச்சிலிருந்து பாக்கியத்தின் கைக்குப் போனது.

அன்றிரவு செல்வராணி அக்கா வீட்டில் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை போனபோது தரை ஈரமாக இருந்தது. பாக்கியம் கழுவியிருந்தார், ஆனாலும் ஓரத்தில் கறை. இருபது போட்டேன். முதல் லயத்தோடு சமமாகப் போட்டிக்கு நின்ற கீழ் லயத்தில் பூட்டைத் திறந்து காட்டினார்கள், யாரும் பாவிக்காத கக்கூசு பளபளத்தது. அதற்குப் பூஜ்யம் போட்டு, காரணத்தையும் ஓரத்தில் எழுதினேன்.

திங்கட்கிழமை பதுளையில் எங்கள் மேலதிகாரி படிவத்தைப் பார்த்தார். தரையில் கறை என்று நானே எழுதியிருக்கிறேனாம், பிறகு எப்படி ஐந்து? கீழ் லயத்துத் தரை சுத்தம் என்றும் நானே எழுதியிருக்கிறேனாம், பிறகு எப்படிப் பூஜ்யம்? பாவிக்கிறார்களா என்று யார் கேட்டது? சிவப்புப் பேனாவால் இரண்டையும் திருத்தினார். ஐம்பது ரூபாய் கீழ் லயத்துக்குப் போனது. நான் இரண்டு தடவை "ஆனால் சேர்" என்றேன். மூன்றாவது தடவை சொல்லத் தைரியம் வரவில்லை.

சென்ற வாரம் செல்வராணி அக்காவின் கடிதம் வந்தது. அந்தத் திங்கட்கிழமையே அவர் செலவுக்குக் கொடுத்து பாக்கியத்தைப் பதுளைக்கு அனுப்பியிருக்கிறார். வசந்தி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு வந்துவிட்டாள். மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் சுகம். பரிசு இல்லை என்று தெரிந்த அன்றே முத்தம்மா பூட்டைக் கழற்றிக் கோழிக்கூட்டில் மாட்டிவிட்டாராம். இப்போது பன்னிரண்டு வீடும் கக்கூசுக்குப் போகிறது. கழுவுகிற முறை யாருடையது என்று தினமும் சண்டை, செவ்வந்தியைக் கோழி தின்றுவிட்டது. "அந்த மிஸ் வரட்டும், பெரட்டுல எல்லாரும் நிக்கையில வச்சுக் கேக்கிறேன்" என்று முத்தம்மா சொல்லி வைத்திருக்கிறாராம். பெரட்டு என்றால் காலையில் வேலை பிரிக்க எல்லாரும் கூடுவது. பரிசு வாங்கிய கீழ் லயம் அடுத்த சுற்றுக்காக இன்னொரு பூட்டு வாங்கியிருக்கிறது. திட்டம் நன்றாக நடக்கிறது, பண்டாரவளைப் பக்கமும் தொடங்கலாம் என்று எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பசறையிலிருந்து கடைசி பஸ் மாலை ஐந்தரைக்கு. அதை விட்டால் தோட்டத்தில்தான் தங்கவேண்டும். சில்லறை கொண்டுபோங்கள். லயத்தில் சனிக்கிழமை பகல் சாப்பாட்டு நேரம் தவிர ஆட்களைப் பிடிக்க முடியாது, ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் நல்லது. போய்ச் சேர்ந்ததும் படிவத்தை எடுக்காதீர்கள். கக்கூசு எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சாவி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று மணிக்கூட்டைப் பாருங்கள். அதிலேயே பாதி அறிக்கை இருக்கிறது.

அடுத்த மாதம் நான் மறுபடி அங்கே போகவேண்டும். பெரட்டுக் களத்தில் முத்தம்மா கேட்பதையெல்லாம் நின்று கேட்டுக்கொள்வேன். சத்தியம் செய்தவள் நான்தான். பிறகு அந்த லயத்துக் கக்கூசுக்குப் போவேன். இந்தத் தடவை யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை.