என்னை நீக்கிய கடிதம்

சுங்கை ரம்பாய் வட்டாரத் தமிழர்களுக்கு நான் ஒன்றரை ஆண்டு சமூகத் தலைவியாக இருந்தேன். மாநில அரசு நியமிக்கிற பதவி. யாரும் முன்வராததால் தையல் மிஷினை விட்டு எழுந்து நான் போனேன். அன்றிலிருந்து என் கைப்பையில் ஒரு ரப்பர் சாப்பு, பதவி முத்திரை, குடியேறியது. கல்யாண மண்டபத்தில் இலை முன்னால் உட்கார்ந்தாலும் யாராவது விண்ணப்பப் பாரத்தை நீட்டுவார்கள். "அக்கா, ஒரு சாப்பு அடிங்கலா." ரசம் வருவதற்குள் அடித்துக் கொடுத்துவிடுவேன்.

ஒரு பாரத்துக்கும் அப்படித்தான் அடித்துக் கொடுத்தேன். எஸ்டேட் வீட்டில் பிறந்து, பத்து வயதாகியும் பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரு சிறுமியுடையது. அவள் இங்கே பிறந்தவள்தான் என்று நான் உறுதி சொல்ல வேண்டும். அவள் அம்மா அன்றே அதைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் கேட்டார்: "மாநில ஆட்சி மாறி ஒரு வாரமாச்சே. பழைய ஆளுங்க போட்ட தலைவருங்க எல்லாம் காலிதானே?"

எனக்கு ஆட்சி மாறியது தெரியும். ஓட்டுப் போட்டவளே நான். என் பதவியும் அதோடு போயிருக்கலாம் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. பதவி இல்லாதவள் அடித்த சாப்பு செல்லுமா? பிள்ளையின் மனுவைத் தூக்கிப் போட்டுவிட்டால்? அவள் அம்மாவிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை.

நியமனக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த தமிழ் அதிகாரி நிதானமாகப் படித்தார்.

"அரசாங்கம் போட்ட பதவி, அரசாங்கம்தான் எடுக்கணும். நிறுத்துற கடுதாசி வந்துச்சாக்கா?"

"இல்லையே."

"அப்ப இன்னும் நீங்கதான்லா. ஆனா கடுதாசியில எந்தத் தேதியிலேருந்து நிறுத்தம்னு போடுவாங்க, பழைய தேதியாவும் இருக்கலாம். அதுதான் கணக்கு."

பாதி மூச்சுதான் வந்தது. அதன் பிறகு தபால்காரரின் மோட்டார் சத்தம் கேட்டாலே ஊசி விரலில் ஏறியது. சாப்பைத் தொடவே இல்லை. கேட்டு வந்தவர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஒருவழியாகக் கடிதம் வந்தது. நன்றி, பாராட்டு எல்லாவற்றையும் தாண்டித் தேதியைத் தேடினேன். நான் சாப்பு அடித்து நான்கு நாள் கழித்துத்தான் பதவி நின்றிருந்தது. அந்தச் சாப்பு செல்லும். வாய்விட்டுச் சிரித்தேன்.

"பதவியப் புடுங்கிட்டாங்க, சிரிக்கிற?" என்றார் கணவர்.

செருப்பை மாட்டிக்கொண்டு, கடிதமும் கையுமாக, இத்தனை நாள் சொல்லாததைச் சொல்ல அந்தச் சிறுமியின் வீட்டுக்கு ஓடினேன்.