இரண்டு மணிக்கு எழுதிய நாடி

பிலிமத்தலாவையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தொலைபேசி அடித்தது. “பரமேஸ்வரி மிஸ்ஸி காலையில போயிட்டாங்க,” என்றார் பழைய வாட்டு ஊழியர் ஒருவர். பக்கத்துக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்டி ஆஸ்பத்திரியில் அவரோடு ஆறு வருடம் தாதியாக வேலை செய்தவள் நான். அதில் கடைசி ஒரு வருடம் அவரோடு பேசாமல் இருந்தவளும் நான்தான்.

அவரது பிடிவாதம் வாட்டில் எல்லோருக்கும் தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் நாடி எண்ணுவார். நாங்கள் அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால், “மிச்ச அரை நிமிசத்துல எங்க போகப் போறீங்க?” என்பார்.

நோயாளிகளைப் பார்க்க ஆட்கள் வரும் பகல் நேரத்தில் வாட்டில் நிற்க இடமிருக்காது. அதனால் இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டிய நாடியையும் காய்ச்சலையும் பன்னிரண்டுக்கே அட்டைகளில் எழுதிவிடுவோம். அவரைத் தவிர எல்லோரும் செய்ததுதான். ஒரு நாள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவரின் அட்டையில் நான் எழுதினேன்: இரண்டு மணி, நாடி எழுபத்தெட்டு. அந்த அம்மா ஒன்றரைக்கு இறந்துபோனார். அதற்கு முன் யாரும் அவரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

பொறுப்புத் தாதி புது அட்டை எழுதச் சொன்னார். பழையதைக் கிழிக்கப் போன என் கையைப் பரமேஸ்வரி அக்கா பிடித்துக்கொண்டார்.

“வேணாம் தங்கச்சி. வெளிய அந்தம்மா மகன் நிக்கிறாரு. நீங்களே மேலிடத்துல போய்ச் சொல்லிருங்க. நாளைக்குக் காலை வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

நான் போகவில்லை. மறுநாள் அவர் போனார்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அவருக்குத் தண்டனை கொடுத்தது நாங்கள். சாப்பாட்டு மேசைக்கு அவர் வந்தால் எழுந்து போனோம். காட்டிக்கொடுத்தவள் என்று அவர் காதுபடவே பேசினோம். முதலில் எழுந்தவள் நான். ஒரு வருடம் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, புசல்லாவைப் பக்கம் இடமாற்றம் கேட்டுப் போனார்.

போகிற அன்று என்னிடம் வந்தார். “ஒங்க மேல கோவமில்ல தங்கச்சி. அந்தம்மாவ நெனைச்சுத்தான் போய்ச் சொன்னேன்.” நான் திரும்பாமல் அலுமாரியில் மருந்து அடுக்கிக்கொண்டு நின்றேன். வெட்கங்கெட்ட வேலை.

மன்னிப்புக் கேட்கப் போகலாம், போகலாம் என்றிருந்து போகாமலே விட்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த முழு நிமிடம் மட்டும். இப்போது நோயாளியின் கையைப் பிடித்து அறுபது விநாடியும் எண்ணிய பிறகே எழுதுகிறேன். எண்ணும்போதெல்லாம் ஹந்தானை அம்மாவின் கை நினைவுக்கு வருகிறது. அதில் சூடு இருந்தவரை நான் தொடவே இல்லை.