வரலாம்... வரலாம்...

இது கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "வேற வேலை இருந்தா பாருங்க" என்று எழுந்து போகிற ஆள் நான். காது, மூக்கு, தொண்டை டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, நாள் முழுக்க "அடுத்தவங்க வாங்க" என்று கத்துகிறவளுக்குப் பேய்க்குப் பயப்பட நேரம் ஏது? ஆனாலும் இது நடந்தது. எனக்கும் என் கணவருக்கும் நடந்தது. நடுராத்திரியில்கூட இல்லை, பகலில்.

என் கணவர் இரண்டு மலை நகரங்களுக்கு நடுவே ஓடும் பஸ்ஸின் டிரைவர். காலையில் ஒரு மலையிலிருந்து கிளம்பினால் இருட்டுவதற்குள் இன்னொரு மலைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வருடம் அவருக்குச் சளி பிடித்து, சீழ் வைத்து, வலது காது சுத்தமாக அடைத்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் திரும்பக் கேட்கலாம் என்றார் எங்கள் டாக்டர். அவர் "கேட்கலாம்" என்றுதான் சொன்னார். நாங்கள் அதைக் "கேட்கும்" என்று எடுத்துக்கொண்டோம். ஆபரேஷன் தேதி அடுத்த மாதம். அதுவரை கம்பெனிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றைக்கே வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். இந்த மனிதருக்கு ஸ்டீயரிங்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. குக்கரைத் திறப்பதற்குக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்.

லீவு போடச் சொல்லிக் கெஞ்சினேன். கேட்கவில்லை. காது கேட்காதவரிடம் கெஞ்சி என்ன புண்ணியம்? கடைசியில் நான் லீவு போட்டுவிட்டு அவர் கூடவே பஸ்ஸில் ஏறினேன்.

அவருக்கு இடது பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி ஒரு ஒற்றை சீட் உண்டு. அதில் உட்கார்ந்துகொண்டேன். மலைப்பாதையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் கீழே இறங்கி நின்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் டிரைவரின் வலது பக்க ஜன்னல் வழியாக வரும். இவருக்கோ அந்தக் காதுதான் அவுட். இடது காதில் என்ஜின் சத்தம் மட்டும்தான் விழும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. கண்டக்டர் "வரலாம்" என்றால் நான் இவர் தோளைத் தடவ வேண்டும். நிறுத்தச் சொல்லி "ஹோல்டான்" என்றால் தட்ட வேண்டும். கல்யாணமான புதிதில்கூட நான் இவர் தோளை இவ்வளவு தடவியதில்லை. பின் சீட்டுப் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கண்டக்டருக்கு விஷயம் தெரியாது. அவனுக்கு சைலன்சர் என்று பட்டப்பெயர். வாயே மூட மாட்டான், அதனால்தான். இவரிடம் பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு "அண்ணே" போட்டுவிடுவான். "வரலாம்ணே... வரலாம்ணே... ஒடிச்சு வாங்கண்ணே..." அவன் குரலைத் தூக்கத்தில் கேட்டாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் மலை இறங்கி, இரண்டாவது மலை ஏறி, ஒரு முகட்டைத் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அங்கே மூடுபனி இறங்கியது. சாயங்காலம் நாலு மணிதான். ஆனால் வைப்பருக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. வலது பக்கம் பள்ளம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பள்ளமும் தெரியவில்லை. வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.

எதிரே ஒரு லாரி ஹார்ன் அடித்தது. மரம் ஏற்றிக்கொண்டு மேலே வருகிற லாரி. ரோடோ ஒரு வண்டிக்குத்தான் போதும். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். நாங்கள் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும்.

"பாத்துட்டு வரேண்ணே" என்று சைலன்சர் இறங்கினான். இறங்கியதுமே பனி அவனை மறைத்துவிட்டது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"வரலாம்... வரலாம்..."

நான் தோளைத் தடவினேன். வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.

"வரலாம்... வரலாம்..."

தடவிக்கொண்டே இருந்தேன். மனதில் ஏதோ இடித்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. வண்டி இன்னும் கொஞ்சம் போனபிறகுதான் புரிந்தது.

"அண்ணே" இல்லை.

ஒரு தடவைகூட "அண்ணே" வரவில்லை.

பனியில் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே...

"வா..."

சைலன்சர் இவரை "வா" என்று சொல்லவே மாட்டான்.

"வா... வா..."

குரல் பின்னால் இல்லை இப்போது. வலது பக்கம் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே. அந்தப் பக்கம் ஆள் நிற்க இடமே கிடையாது.

என் கை தானாக நின்றது. தோளிலிருந்து எடுத்துவிட்டேன். தட்ட வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. வாயும் வரவில்லை. 

வண்டி நிற்கவில்லை.

பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

"வாங்க..."

மெதுவாக... ஆசையாக...

"வாங்க... வாங்க..."

தெரிந்த குரல் போல இருந்தது. யாருடையது என்று பிடிபடவில்லை.

டம்! டம்! டம்!

முன் கண்ணாடியில் இரண்டு கைகள். சைலன்சரின் முகம்.

"நிறுத்துங்கண்ணே! அண்ணே! நிறுத்துங்க!"

நான் இரண்டு கையாலும் அவர் முதுகில் அடித்தேன். பிரேக் கிறீச்சிட்டது. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின்னால் யாரோ அலறினார்கள். ஒரு கல் உருளும் சத்தம் கேட்டது. அது கீழே விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

பயணிகள் எல்லோரையும் இடது பக்கக் கதவு வழியாக ஒவ்வொருவராக இறக்கினார்கள். பின் சக்கரத்தில் பாதி ரோட்டில் இல்லை. லாரிக்காரர் இரும்புக் கயிறு கட்டி இழுத்துத்தான் பஸ் மறுபடி ரோட்டுக்கு வந்தது.

சைலன்சர் இவரிடம் ஓடி வந்தான். "யாருண்ணே உங்களப் பின்னாடி வரச் சொன்னது? நான் முன்னாடி லாரிக்காரர்கிட்டல்ல பேசிட்டிருந்தேன்! அவரே பின்னாடி போறேன்னு சொல்லிட்டாரு!"

இவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

பின் சீட்டுப் பெண்களிடம் கேட்டேன். "சத்தமா? ஒண்ணும் கேக்கலையேக்கா" என்றார்கள்.

நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் டிரைவர்கள் தங்கும் அறையில் அவர் எதிரே உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் பிசகால் அத்தனை பேரும் போயிருப்பார்கள். "என்னை மன்னிச்சிடுங்க. நான்தான் தப்பா தடவிட்டேன்."

"நீ எங்க தடவினே? நடுவுலயே கையை எடுத்துட்டியே."

"அப்புறமும் ஏன் வந்தீங்க?"

"நீதானே வாயால சொன்னே?"

"நானா?"

"வலது காதுகிட்ட வந்து, 'வாங்க... வாங்க'ன்னு சொன்னியே." சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தார். "எவ்ளோ தெளிவா கேட்டுச்சு தெரியுமா! காது திறந்துடுச்சுடி. ஆபரேஷனே வேண்டாம்போல."

பஸ்ஸில் நான் அவருக்கு இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது என் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

ஊருக்குத் திரும்பியதும் டாக்டரிடம் கூட்டிப் போனேன். எல்லாச் சோதனையும் செய்தார். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"நரம்பே செத்துப்போச்சும்மா. ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. பக்கத்துல இடி விழுந்தாலும் இந்தக் காதுல கேக்காது."

"போன வாரம் ஏதாவது கேட்டிருக்குமா டாக்டர்?"

"வாய்ப்பே இல்ல. எப்பவோ போயிருக்கும்."

நானே கம்பெனிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, அவரை வேலையிலிருந்து நிறுத்தினேன். அவர் என்னோடு பல நாள் பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை, உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தேன். இப்போது தெருமுனையில் ஒரு டயர் கடையில் உட்காருகிறார். நான் அவரைக் குரல் கொடுத்துக் கூப்பிடுவதே இல்லை. சாப்பாடு தயாரானாலும் பக்கத்தில் போய்க் கையைத் தொட்டுத்தான் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

பின்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. பின்னால் மழையில் படி இடிந்துபோனதிலிருந்து அந்தக் கதவை நாங்கள் திறப்பதில்லை.

ஓடினேன்.

கதவு திறந்திருந்தது. வெளியே வெள்ளையாகப் பனி. அவர் ஒரு காலை வெளியே தூக்கி வைத்திருந்தார். தலையை வலது பக்கம் சாய்த்து, முகத்தில் அதே சிரிப்போடு...

சட்டையைப் பிடித்து இழுத்தேன். "எங்கங்க போறீங்க?"

திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீ... உள்ளயா இருக்கே?"