இணைச்சீருக்காக நான் பதிந்த கேசட்

தொண்ணூறுகளின் நடுவில், அவிநாசியில் என் தம்பி கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தபோது நடந்தது இது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் இணைச்சீர் என்ற சடங்கைச் செய்வது வழக்கம்; அவளுக்கு அது பெரிய மரியாதை. ஒரே அக்கா நான். ஆனால் பெண் வீட்டாரைப் பற்றி நான் கேவலமாகப் பேசியதாக யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். தம்பி முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டான். இணைச்சீரை எங்கள் பெரியப்பா மகள் செய்யட்டும் என்றும் சொல்லிவிட்டான். வத்தி வைத்தவளே அவள்தான் என்று சந்தேகம்.

என் முன்கோபம்தான் ஊருக்கே தெரியுமே! அவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போன் போட்டு, டேப் ரெக்கார்டரை ரிசீவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நைசாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஆமாங்க்கா, நாந்தான் சொல்லிப்போட்டேன்" என்று அழுதாள். புருஷன் கை நீட்டுகிறான், மாமியார் மதிப்பதில்லை, இணைச்சீர் செய்தாலாவது நாலு பேர் முன்னால் மரியாதை கிடைக்குமே என்று நினைத்தாளாம். அதெல்லாம் என் காதில் ஏறவேயில்லை. மாட்டினாயா மகளே என்று குதித்தேன்.

சொந்தபந்தத்தைக் கூட்டி வைத்துக் கேசட்டைப் போட்டுக் காட்டுவதென்று முடிவு. பின்னால் கேஸ் கீஸ் வருமோ என்ற பயத்தில், கோயம்புத்தூர் போய் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். கேசட்டை முழுக்கக் கேட்டார்.

"தெரியாம பதிஞ்சதையும் கோர்ட்டு சில சமயம் சாட்சியா எடுத்துக்குமுங்க. அதுக்காகப் பதிஞ்சது சரின்னு ஆயிடாதுங்க" என்றார். பிறகு, "அந்தக் கூட்டத்துல இவங்க ஊட்டுக்காரரும் இருப்பாருங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இருப்பாரே! மாமியாரும் இருப்பாரே! இதைக் கேட்ட பிறகு அவளை என்ன பாடு படுத்துவார்கள்? கடவுளே, இது எனக்கு ஏன் தோன்றவில்லை! அங்கேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் பெரியப்பா மகளை அவிநாசி கோயிலுக்கு வரச் சொன்னேன். கேசட்டைக் கையில் கொடுத்து, நான் செய்த திருட்டுத்தனத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"இதை ஆராச்சும் கேட்டுப்போட்டாங்களாக்கா?"

"ஒரு வக்கீலம்மா மட்டுந்தான் கண்ணு. வெளிய போகாது."

அவளாகவே தம்பியிடம் போய் உண்மையைச் சொன்னாள். இணைச்சீரை நான்தான் செய்தேன். அவள் குடும்ப விஷயமாக அந்த வக்கீலம்மாவிடமே பிறகு இருவரும் போனோம்.

அன்று அவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், என் தங்கச்சியை நானே அடிக்குப் பிடித்துக் கொடுத்திருப்பேன். அந்தப் புண்ணியவதியை நினைக்கும்போதெல்லாம் இன்றும் என் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது.