கொள்ளேகால் எந்த ஜில்லா?

போன வாரம் சரவணம்பட்டியில் இருக்கும் தங்கச்சி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வெள்ளைக்காரன் காலத்துக் கோயமுத்தூர் ஜில்லா மேப். 'நம்ம கோவை எவ்வளவு பெருசு பாருங்க மாமா!' என்று கீழே பெருமை வேறு. மேலே, மலைக்கு அந்தப் பக்கம் கொள்ளேகால் என்ற எழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் போடவில்லை. போட்டிருந்தால் என்னை பிளாக் செய்திருப்பான்.

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டை யாரும் ஓரடிகூட நகர்த்தவில்லை. இருந்தும் நான் பிறந்தபோது அது கோயமுத்தூர் ஜில்லா, படிக்கும்போது பெரியார் மாவட்டம், கல்யாணத்தின்போது ஈரோடு மாவட்டம். பத்திரிகையில் பழைய பேரையே அடித்துவிட்டு மாமனாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்களுக்கு நஷ்டம் அவ்வளவுதான். கொள்ளேகால் பக்கம் கரும்புக்காடு வைத்திருந்த என் தாய்மாமனுக்கு அப்படி இல்லை.

வெல்லம் காய்ச்சும் வாசனை வந்தாலே எனக்கு அவர் ஞாபகம்தான். அவர் துவைத்துப் போட்ட சட்டையிலும் அது போகாது. அவர் தமிழில்தான் படிக்க ஆரம்பித்தார். ஒரு வருசம் பள்ளிக்கூடம் திறந்தபோது, "ஊரு மைசூரோட சேந்துபோச்சு, இனிக் கன்னடம்" என்றாராம் வாத்தியார். வெள்ளைக்காரன் அவன் வசதிக்கு அந்தத் தாலுகாவைக் கோயமுத்தூரோடு சேர்த்திருந்தான்; நம்மவர்கள் தங்கள் வசதிக்குப் பிரித்தார்கள். அங்கே இருந்த சனங்களை ஒருத்தரும் கேட்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தது. மாமனின் வெல்லக் கொட்டகையைக் கொளுத்தினார்கள். அவரிடம் வெல்லம் வாங்கித் தின்று வளர்ந்த பையன்களும் அந்தக் கும்பலில் இருந்தார்கள். 'உங்க ஊருக்குப் போ' என்று கல்லை ஓங்கினார்களாம். லாரி பிடித்து ஏற்றிவிட்டவரும் பக்கத்துக் காட்டுக் கன்னடக்காரர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். திம்பம் மலையிறங்கி, அத்தையோடும் சின்னப் பிள்ளையாயிருந்த மகள் கமலாவோடும் எங்கள் வாசலில் வந்து நின்றார். சட்டையில் புகை வாசனை.

"எந்த ஊருக்குப் போகச் சொல்றாங்க கண்ணு? எனக்கு இருக்கறதே அந்த ஒரு ஊருதானே?"

ரேஷனுக்கும் கமலாவின் பள்ளிக்கூடத்துக்கும் ஏதாவது வழி உண்டா என்று ஓர் ஆபீசுக்குப் போனோம். நான் அப்போது மில்லில் புதிதாகச் சேர்ந்திருந்தேன்; லீவு போட்டுவிட்டு மாமனோடு போனேன்.

"நீங்க கர்நாடகாக்காரருங்க. எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார் அங்கே இருந்த அதிகாரி.

"நான் பொறந்தது கோயமுத்தூர் ஜில்லாவுலீங்க" என்றார் மாமன்.

"அதெல்லாம் அந்தக் காலமுங்க. உங்க ஊருக்கே போயிருங்க."

அங்கே கல்லை ஓங்கிச் சொன்னதைத்தான் இங்கே 'ங்க' போட்டுச் சொன்னார்கள். நான் மேஜையைத் தட்டிக் கத்தினேன். பியூன் என் தோளைப் பிடித்து, "வெளிய போயிருங்க தம்பி" என்றார். எங்கள் பக்கத்து மரியாதை அப்போதும் குறையவில்லை! மாமன் "உடு கண்ணு" என்று என்னை இழுத்துக்கொண்டு வந்தார். இந்த மனுசனுக்குக் கோபமே வராதா என்று அவர்மேலும் எனக்குக் கோபம்.

கொஞ்ச நாளில் "கரும்பு காயுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கொட்டகையை மறுபடி கட்டவில்லை. கரும்பைச் சர்க்கரை ஆலைக்கு ஏற்றிவிட்டார். வீட்டுக்குள்ளும் கன்னடமே பேச வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். வெளியே பிள்ளை வாய் தவறித் தமிழில் பேசிவிடக் கூடாதே என்ற பயம்.

அவர் கருமாதிக்குப் போயிருந்தேன். கமலாவின் மகள் என்னைக் காட்டி, யாரென்று கன்னடத்தில் கேட்டாள். சின்ன வயசில் என்னை மாமா மாமா என்று சுற்றிவந்த கமலா, கூடியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தமிழ்நாட்டவரு" என்றாள். பயமா, மறதியா, நான் கேட்கவில்லை. இலை போட்டதும், வாளியைத் தூக்கிப் பரிமாற வேண்டிய சொந்தக்காரனை, தூரத்திலிருந்து வந்த விருந்தாளி என்று முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள்.