ஈசானிய மூலையில் ஸ்டார்ட் பட்டன்

ஊரே கேம் விளையாடி வேலையைக் கெடுத்துக்கொள்கிறது. நான் கேம் விளையாடும் பாட் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். பாட் என்றால், மனிதர்கள் ஆடுவதற்கு முன்பே கேமை விளையாடிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்லும் புரோகிராம். ஸ்டார்ட் பட்டன் எங்கே இருக்கிறது என்று கேமின் கோடுக்குள் துழாவிக் கண்டுபிடித்து நான்தான் அதற்குக் காட்ட வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடும் அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

அப்பாவின் கேள்வி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து ராஜபாளையம் போகிறேன். நாய் காட்டுப்பன்றியைத் துரத்தும் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் சின்ன ஆபீஸ். அந்த கேமை வாங்க வரும் சென்னைக்காரர் முன்னால் பாட் ஒழுங்காக விளையாடினால் எனக்கு வேலை நிரந்தரம். சொதப்பினால் போலீஸ் தேர்வு. ரிட்டயர்டு ஏட்டான அப்பா, ஓடிப் பழக ஷூவே வாங்கி வைத்துவிட்டார். மைதானத்தைச் சுற்றுவதை நினைத்தாலே எனக்கு முட்டி வலிக்கும். என் வேலையை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஏட்டி, திருடனத் தேடுனா பென்ஷன் உண்டு. பட்டனத் தேடுனா என்ன உண்டு?"

வாஸ்து

முதலில் பட்டன் திரையில் இருக்கும் இடத்தைத்தான் பாட்டுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் பார்த்தால், அது வெறும் புல்தரையைக் குத்திக்கொண்டிருக்கிறது. ஆபீசுக்கு வாஸ்து பார்க்க வந்தவரிடம் முதலாளி கேமையும் காட்டியிருக்கிறார். நடுவில் இருந்த ஸ்டார்ட் பட்டன், ஈசானிய மூலை என்று மேலே வலது ஓரத்துக்குப் போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைத் திருப்பினால் ஈசானியம் எங்கே போகும் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"வடக்க பாத்து உக்காந்து வெளையாடச் சொல்லும்மா."

ஸ்டெல்லா

இடத்தை நம்பினால் ஆகாது என்று, கோடில் பட்டனுக்கு வைத்திருந்த பெயரைப் பிடித்தேன். டிசைனர் ஜெபா அதற்கு, தனக்கு நிச்சயம் செய்த பெண்ணின் பெயரான ஸ்டெல்லா என்று வைத்திருந்தான். பாட்டும் சமர்த்தாக ஸ்டெல்லாவைத் தேடி அழுத்தியது. பிறகு நிச்சயம் முறிந்தது. மறுநாளே பாட் ஸ்டெல்லாவைக் காணோம் என்று நின்றுவிட்டது. யாரும் மாற்றத் துணியாத பெயராக ஒன்று வை என்று கெஞ்சினேன். முதலாளி பெயரை வைத்தான். அதன்பின் என் ரிப்போர்ட்டில் தினமும் முதலாளி நூறு முறை அழுத்தப்பட்டார். ஸ்டெல்லாவை ஏன்டா எடுத்தாய் என்று ஜெபாவிடம் கேட்டதற்கு, பாவம், தலையைக் குனிந்துகொண்டான்.

"அவ பேர இன்னொருத்தர் அமுக்குதத பாக்க முடியலக்கா."

சென்னைக்காரர்

அவர் வந்தார். அவருடைய புதுப் போனில் கேமை ஏற்றி, பாட்டை ஓடவிட்டேன். ஒரு பன்றிகூடத் தப்பவில்லை. எனக்கு உயிர் வந்தது. அப்புறம் தானே ஆடிப் பார்க்கிறேன் என்றார். ஸ்டார்ட் பட்டனைக் காணோம். எங்கள் பழைய போன்களில் பளிச்சென்று தெரிந்தது, அவருடையதில் பேட்டரி படத்துக்கு அடியில் போய்விட்டது. விரலை வைத்தால் நோட்டிபிகேஷன்தான் இறங்குகிறது. பாட் கோடு வழியாக அழுத்துவதால் அதற்குக் கண்ணும் வேண்டாம், விரலும் வேண்டாம். சரிசெய்து கொண்டுவாருங்கள் என்று அவர் எழுந்து போய்விட்டார். அப்பா வாங்கிய ஷூ கண்முன் வந்து நின்றது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அவரு கண்ணுக்குத் தெரியலன்னா நாம என்ன செய்ய? ஒம் பாட்டுக்குத் தெரிஞ்சிச்சுல்ல, நீ இங்கயே இரு."

பட்டன் இன்னும் ஈசானிய மூலையில்தான் இருக்கிறது, புதுப் போனில் எந்த மனிதருக்கும் அது தெரியாதவரை எனக்கு வேலை நிரந்தரம்.